முப்பதுக்கு இருபத்தொன்பது

குமணன்சாவடிக்கும் வேலப்பன்சாவடிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருமுனையில் சரசாக்காவின் டிபன் கடை. நான்கு மேசைகள்தான். காலை ஆறு மணிக்கு இட்லி, பொங்கல், வடை. பதினொரு மணிக்கெல்லாம் அடைத்துவிடுவார்கள். பின்னால் முளைத்த அடுக்குமாடிகளில் குடிவந்த எங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கடைதான் சமையலறை.

அங்கே எச்சில் விஷயத்தில் யாருக்கும் சலுகை கிடையாது. சாப்பிட்ட கையோடு ஒருவர் சாம்பார்க் கரண்டியைத் தொட்டுவிட்டால், சரசாக்கா அந்த வாளியையே தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிவிடுவார். அவர் கணவர் கஜபதி தண்ணி லாரி ஓட்டுகிறவர். அவரே ஒருமுறை அப்படித் தொட்டுவிட்டுப் பத்துப் பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கண்டிப்பைத் தாண்டி ஒரு மனது இருந்தது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எண்ணெய் ஆகாது என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். மூன்றாவது மாடியில் தனியாக இருந்த ஒரு பெண் காய்ச்சலில் படுத்தபோது, லிஃப்ட் ஓடாத நாட்களில்கூட படியேறிக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர் சரசாக்கா. அந்தப் பெண்ணின் பெயர்கூட அவருக்கு அப்போது தெரியாது.

சரசாக்கா பிறந்தது பக்கத்து நூம்பலில். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. பிறகு அது மனைகளாகப் போயிற்று. சரசாக்காவுக்கு ஏழு வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் இறந்துபோனார்கள். பதினைந்து வயது மூத்த அண்ணன் வேம்புலிதான் வளர்த்தார். தங்கைக்குக் கல்யாணம் முடித்த பிறகுதான் தனக்குப் பெண் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அண்ணனிடம் ஒரு நாள்கூடப் பேசாமல் சரசாக்கா இருந்ததில்லை என்று கஜபதி சொல்வார்.

முதல் சம்பவம் நடந்தபோது சரசாக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு புரட்டாசி மாதக் காலை. எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் ரகுநாதன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எனக்கு எதிரே உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு வடை பாதி கடித்தபடி இருந்தது. அந்தப் பக்கமாக வந்த சரசாக்கா நின்றார். கையை நீட்டி, ரகுநாதன் கடித்த அந்த வடையை எடுத்தார். வாயில் போட்டு மென்றுகொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

 ரகுநாதன் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். ஆனால் சரசாக்கா முகத்தில் சிரிப்பு இல்லை, வெட்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. திரும்பி வந்து எனக்குச் சட்னி ஊற்றினார். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பாயசத்துக்கு வைத்திருந்த வெல்லத்தைக் கட்டிக் கட்டியாகத் தின்றார். பருமனான ஒரு பெண்ணைப் பார்த்து எல்லோர் காதிலும் விழ "இன்னாமே, இம்மாம் குண்டா கீறே, படியில ஏற முடியுதா" என்று கேட்டார். அந்தப் பெண் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். ஒரே சேலையை நான்கு நாள் கட்டினார். குளிக்கச் சொன்ன கஜபதியை வெறித்துப் பார்த்தார். கடைக்குக் கூட்டம் குறைந்தது. எனக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நானும் வேறு கடைக்கு மாறினேன். கடைக்குக் கொஞ்சம் நல்ல பெயர் கிடைத்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

தை மாதம் வேம்புலி இறந்தார். மாரடைப்பு. நூம்பல் வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். தங்கைக்காரி வந்தால் தாங்கமாட்டாள், பிடித்துக்கொள்ளுங்கள் என்று பெண்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்களாம். சரசாக்கா வந்தார். பெட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அண்ணி முத்தம்மாள் கட்டிப்பிடித்து அழுதபோது, உடம்பை உதறி விடுவித்துக்கொண்டார்.

"நவுரு அண்ணி. பசிக்குது. இன்னா கீது துன்றதுக்கு?"

அதோடு நிற்கவில்லை. தலைமாட்டில் விளக்கின் பக்கத்தில் தட்டில் வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்தார். வாசலில் பறை அடிக்கத் தொடங்கியதும் அதற்குத் தகுந்தபடி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கஜபதி முப்பது வருடத்தில் மனைவி மேல் கை வைத்ததில்லை. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். சரசாக்கா ஏன் அடித்தாய் என்று கேட்கவில்லை. அழவும் இல்லை. கன்னத்தை ஒருமுறை தேய்த்துவிட்டு, இரண்டாவது பழத்தை உரித்தார். அடித்ததைவிட அந்த இரண்டாவது பழம்தான் மனதை விட்டுப் போகவில்லை என்று கஜபதி என்னிடம் சொன்னார். கல்லை அடித்தது மாதிரி இருந்ததாம்.

முத்தம்மாள் அங்கேயே சொல்லிவிட்டார், இனி இந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று.

மகள் விஜி கல்யாணமாகிக் கோவில்பதாகையில் இருக்கிறாள். அவளுக்குத்தான் முதலில் அம்மா உடம்பில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். இன்று என்ன கிழமை, என்ன மாதம், எந்த ஊரில் இருக்கிறோம். மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்த் திரும்பி வந்து அந்த மூன்றையும் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஒன்றின்மேல் ஒன்று படிந்த இரண்டு கட்டங்களைக் காட்டி அப்படியே வரையச் சொன்னார். எட்டாவது வரை படித்த சரசாக்கா எல்லாவற்றையும் செய்தார். தேதியில் மட்டும் ஒரு நாள் பிசகியது.

முப்பதுக்கு இருபத்தொன்பது. டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். மறதி நோய் எதுவும் கிடையாது, மூளை நன்றாக வேலை செய்கிறது, மாதவிலக்கு நிற்கிற வயசில் இப்படி எரிச்சல் வருவது உண்டு என்றார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். அம்மா ஆறு மாதமாக நடந்துகொண்ட விதத்தை விஜி சொல்ல ஆரம்பித்தபோது, வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

நல்ல செய்திதானே என்றுதான் அதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் அந்த இருபத்தொன்பது சரசாக்காவின் தலையில் இடியாக இறங்கியது. மூளை சரியாக இருக்கிறது என்றால், செய்வதெல்லாம் தெரிந்தே செய்கிறாள் என்றுதானே அர்த்தம். அதுவரை கஜபதிக்கு நோயாக இருக்குமோ என்று கொஞ்சம் சந்தேகம் இருந்தது, அன்றோடு போயிற்று. மனைவியிடம் பேசுவதை நிறுத்தினார். கடையை மூடினார். சாப்பாட்டைப் பின்கட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவார். கேட்டவர்களிடம் "கொயுப்பு. டாக்டரே சொல்லிட்டாரு, ஒண்ணியும் கெடையாதுன்னு" என்றார்.

அந்த ஆடி மாதத்தில் விஜி நான்கு மாதக் கர்ப்பம். கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், மனது கேட்காமல் அம்மாவைப் பார்க்க வந்தாள். பின்கட்டில் சரசாக்காவின் எதிரே உட்கார்ந்து, குழந்தை இல்லை என்று சொல்லிவிட்டு முகத்தை மூடாமல் அழுதாள். சரசாக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தார்.

"பால்கோவா வாங்கினு வர்லியா?"

விஜி எழுந்து போய்விட்டாள். போனில் அம்மா என்ற பெயரையே எடுத்துவிட்டதாகக் கஜபதியிடம் சொன்னாள். அவரும் மகளைக் குறை சொல்லவில்லை.

அடுத்த மாதம் சரசாக்கா ஒரு இனிப்புக் கடைக்குள் புகுந்து, கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டு மைசூர்பாகை எடுத்துத் தின்றிருக்கிறார். கடைக்காரர்கள் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். கூட்டம் கூடியது. அந்த வழியாக வந்த ரகுநாதன்தான் பேசி, கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். அன்றைக்கு அவர் கஜபதியிடம் நெடுநேரம் பேசினார். ரகுநாதனின் மனைவி ஏழு வருடம் மறதி நோயில் கிடந்து இறந்தவர். அவரைப் பார்த்த நரம்பியல் டாக்டர் ஒருமுறை சொன்னதை ரகுநாதன் மறக்கவில்லை.

"கஜபதி, என் மனைவிக்கு என் பேரே மறந்துபோச்சு. ஆனா கடைசி வரைக்கும் யாராவது அழுதா அவளும் அழுவா. உங்க வீட்டம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, அழுகைதான் போயிருக்கு. இது வேற வகையா இருக்கும்ங்க. மறதியே இல்லாம ஆரம்பிக்கிறதும் உண்டுன்னு அந்த டாக்டர் சொன்னாங்க."

கஜபதிக்கு நம்பிக்கை இல்லை. சொன்னவர் கடித்த வடையைப் பறிகொடுத்தவர் என்பதற்காக மட்டுமே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

ரகுநாதன் சொன்ன அந்த நரம்பியல் டாக்டர் நிவேதிதா, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கிறார். முதலில் சரசாக்காவை விட்டுவிட்டுக் கஜபதியிடம் கேட்டார். மறதி உண்டா என்று இல்லை. எப்போதிலிருந்து மாறினார், முன்னால் எப்படிப்பட்டவர், இனிப்பு அதிகம் கேட்கிறாரா, வீட்டில் யாராவது இறந்தபோது அழுதாரா.  கடைசிக் கேள்விக்குக் கஜபதி வேம்புலி சாவில் நடந்ததைச் சொன்னார், தான் அடித்ததைத் தவிர.

அதன்பின் டாக்டர் சரசாக்காவின் பக்கம் திரும்பினார். ஐந்து சொற்களைச் சொல்லி, கால்மணி கழித்துத் திரும்பக் கேட்டபோது நான்கு வந்தது. ஐந்தாவதற்கு டாக்டர் "அது ஒரு பூ" என்று எடுத்துக்கொடுத்ததும் அதுவும் வந்துவிட்டது. கடிகாரம் வரையச் சொன்னபோது வட்டம், எண்கள், பதினொன்று பத்துக்கு முள் எல்லாம் சரியாகப் போட்டார்.  இந்த டாக்டரும் இருபத்தொன்பது என்று சொல்லப்போகிறார் என்று கஜபதி நினைத்தார்.

"இப்ப ஒரு நிமிஷம் தர்றேன்மா. உங்களுக்குத் தெரிஞ்ச மிருகம் பேரெல்லாம் சொல்லுங்க."

"நாயி. மாடு." கொஞ்சம் நேரம் போனது. "பூனை. நாயி."

டாக்டர் காத்திருந்தார். சரசாக்கா மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார். ஒரு நிமிடம் முடிந்தது. மூன்று மிருகங்கள். நூறு பேருக்கு யார் என்ன சாப்பிடுவார்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்த வாய் அது.

அடுத்து மேசையில் தட்டச் சொன்னார். தான் ஒருமுறை தட்டினால் சரசாக்காவும் ஒருமுறை தட்ட வேண்டும். தான் இரண்டு முறை தட்டினால் சும்மா இருக்க வேண்டும். சரசாக்காவுக்கு விதி புரிந்தது. கேட்டபோது திருப்பிச் சொன்னார். ஆனால் டாக்டர் இரண்டு முறை தட்டியதும் அவர் கையும் இரண்டு முறை தட்டியது. டாக்டர் மறுபடியும் விதியைச் சொன்னார். சரசாக்கா மறுபடியும் தட்டினார். "சும்மா இருக்கணும்" என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்க, கை தட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் கஜபதிக்கு முதன்முறையாகப் பயம் வந்தது.

பிறகு டாக்டர் சில முகப் படங்களை மேசையில் எடுத்து வைத்தார். சிரிக்கிற முகத்தைக் காட்டியதும் "சிரிக்குது" என்றார். கோபமான முகத்துக்கு "பேசுது" என்றார். மூன்றாவது படத்தில் ஒரு பெண் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிகிறது, வாய் கோணியிருக்கிறது.

"இவங்களுக்கு என்னம்மா?"

சரசாக்கா குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"சளி புடிச்சிகீது. மூக்கு ஒயுவுது."

 பின்கட்டில் விஜி முகத்தை மூடாமல் அழுதது கஜபதியின் கண்முன் வந்து நின்றதாம். அந்த முகத்தைத்தான் இவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளை தேய்கிற நோயில் பல வகை. நாம் அதிகம் கேள்விப்படுகிற மறதி நோயில், சொன்ன ஐந்து சொற்களும் கால்மணியில் நழுவிவிடும். பூ என்று எடுத்துக்கொடுத்தாலும் வராது. இன்னொரு வகையில் ஞாபகம் ஓரளவு நிற்கும், கடிகாரம் வரைவது குலைந்துபோகும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். இவருக்கு இரண்டும் நன்றாக இருக்கிறது. அடிபட்டிருப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. ஆசையை அடக்குவது, அடுத்தவர் மனசை அறிவது, கூச்சப்படுவது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. முன்பு கேட்ட முப்பது கேள்விகளில் அதைத் தொடுகிற கேள்வி அநேகமாக இல்லை. இந்தச் சின்னச் சோதனைகள் வழியைக் காட்டும், அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்றார்.

கஜபதி ஒன்றுதான் கேட்டார்.

"மேடம், அன்னிக்கு அவங்க அண்ணன் சாவுல… அதுவும் இதாலதானா?"

"ஆமாங்க. அப்பவே இருந்திருக்கும். அவங்களா செஞ்சது இல்ல."

"நான் அடிச்சிட்டேன் மேடம்."

 சரசாக்கா எழுந்து கதவுப் பக்கம் போய், கேன்டீனில் பன் இருக்குமா என்று கேட்டார்.

ஸ்கேனில் டாக்டர் சொன்ன இடம் சுருங்கித்தான் இருந்தது. தேய்வதை நிறுத்த மருந்து கிடையாது, பரபரப்பைக் கொஞ்சம் தணிக்கலாம் என்றார்கள். எதிர்வாதம் செய்யாதீர்கள், தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை நடக்கட்டும், அக்கம்பக்கத்துக் கடைகளில் சொல்லி வையுங்கள் என்றார்கள்.

கஜபதி அன்றே நூம்பலுக்குப் போனார். முத்தம்மாள் வீட்டு வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். முத்தம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு என்ன ஆயிற்று என்று தான் ஒருநாளும் நினைக்கவில்லை, திட்டிக்கொண்டேதான் இருந்ததாகச் சொன்னார். மறுநாள் காலை, தை மாதத்திலிருந்து பேசாதிருந்த நாத்தனாரைப் பார்க்க வந்தார். சரசாக்கா அண்ணியை அடையாளம் கண்டு பெயர் சொன்னார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

முதல் டாக்டரிடமும் கஜபதி போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்து ரகுநாதனும் கூடப் போனார். கஜபதி ஸ்கேனை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு அறிக்கையைப் படித்தார், மறுபடியும் படித்தார்.  "உங்க பொண்ணு ஏதோ சொல்ல வந்தாங்க. நான் கேட்டிருக்கணும்" என்றாராம். கஜபதி ஸ்கேனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விஜிக்குக் கஜபதி போனில் சொன்னார். அடுத்த வாரம்தான் வந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டினாள், நகம் வெட்டிவிட்டாள், சேலை மாற்றினாள். ஆனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னாள்: "நோவுன்னு தெரிது நைனா. ஆனா அந்த பால்கோவா பேச்சு காதுலயே கீது. அது போவல." கஜபதி பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தார்.

இரண்டு வருடம் ஆகிறது. லாரியை வேறொருவரிடம் விட்டுவிட்டுக் கஜபதி வீட்டோடு இருக்கிறார். சரசாக்காவின் பேச்சு குறைந்துகொண்டே வந்து, இப்போது ஒரு நாளைக்குப் பத்துச் சொல் வந்தால் அதிகம். தினமும் காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, வேலப்பன்சாவடி வரை வேகமாக நடந்து போய்த் திரும்பி வருவார், மறுபடியும் போவார். தடுத்தால் கத்துவார் என்பதால் யாராவது பின்னாலேயே போகிறார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரியும். இனிப்புக் கடைக்காரர்கள் அவரைப் பார்த்ததும் ஒரு சின்னத் துண்டைத் தாளில் வைத்து வெளியே வந்து நீட்டுகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகும்போது பார்த்தேன். சரசாக்கா முன்னால் நடந்துகொண்டிருந்தார். பத்தடி பின்னால் விஜி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். சர்வீஸ் ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்பியது. விஜி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். லாரி போகும்வரை இருவரும் நின்றார்கள். சரசாக்கா மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை உதறவும் இல்லை. வழி கிடைத்ததும் மறுபடி நடக்க ஆரம்பித்தார், விஜியும் கையை விடாமல் அவர் வேகத்துக்கு நடந்தாள்.